திறக்காத சிப்பி

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். 1955-இல் ஆரம்பித்த சலாப வரிசையின் கடைசி வருடம் அது. அதற்குப் பிறகு பிறந்த எல்லாரையும் போல நானும் முத்துக்குளிப்பைக் கதையாகத்தான் கேட்டிருக்கிறேன். எங்கள் தாத்தா அதை நேரில் பார்த்தவர். கடலுக்குள் போனவரில்லை, கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர். அதனால் அவர் சொன்ன கதைகளில் சுறா கிடையாது, மூச்சடக்கிய வீரம் கிடையாது. இருந்ததெல்லாம் ஏலம்தான்.

பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய சிப்பியைக் குவித்து, ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விடுவார்களாம். எல்லாம் மூடிய சிப்பி. உள்ளே முத்து இருக்கிறதா, இருந்தால் எத்தனை, ஒன்றுக்கும் உதவாத பொடியா, எதுவும் கேட்பவனுக்குத் தெரியாது. விற்பவனுக்கும் தெரியாது. சின்ன வயதில் எனக்கு இது பெரிய ஏமாற்று வேலையாகப் பட்டது.

"சிப்பியத் தொறந்து பாக்காமலா தாத்தா ஏலம் கேப்பாங்க?"

"தொறந்து பாத்துட்டா அப்புறம் எதுக்குல ஏலம்?"

"பின்ன வெல எப்படித் தெரியும்?"

"மாதிரி எடுப்பான்லா. மொதல்ல கொஞ்சம் அள்ளி, எல்லாருக்கும் முன்னால தொறந்து, எண்ணிச் சொல்லிருவான். மிச்சத்த நீ கணக்குப் போட்டுக்க."

மாதிரி எடுப்பான் என்று அவர் சாதாரணமாகச் சொன்னது, மன்னார் வளைகுடாவின் இரண்டு கரைகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட வருடங்கள் அரசாங்கமே செய்துவந்த காரியம். குளிப்பை அறிவிக்கும் முன் பார்களில், அதாவது சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டுகளில், சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பார்கள். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களைத் தரம் பிரிப்பார்கள். அதற்குப் பித்தளைச் சல்லடைகள் பத்து உண்டு. முதல் சல்லடையில் 20 துளை, கடைசியில் 1000 துளை. எந்தச் சல்லடையில் முத்து நிற்கிறதோ அது அதன் அளவு. பிறகு எடையும் விலையும் போட்டு, 'ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய்' என்று ஒரே ஒரு எண்ணை அறிவிப்பார்கள். இந்தியா முழுவதிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வியாபாரிகள் அந்த எண்ணை நம்பித்தான் கப்பலேறினார்கள். பிடிப்பில் மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு, மீதி அரசுக்கு. அரசுப் பங்குதான் ஏலத்துக்கு வரும்.

பல வருடம் கழித்து, அலுவலக வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு தொழில்நுட்ப அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தபோது தாத்தாவின் ஏலம் நினைவுக்கு வந்தது. அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளுக்குள் எவ்வளவு புளுட்டோனியம் இருக்கிறது என்பதை, அதைத் திறக்காமலே நியூட்ரானை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவிகளைப் பற்றிய அறிக்கை அது. அதில் பேசப்பட்ட கருவிகளில் பெரும்பாலானவை அப்போது கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருந்தன.

*

திறக்காமல் பார்ப்பது என்ற ஆசை இந்தக் கடலுக்குப் புதிதில்லை. ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895-இல். 1901-இல் ராஃபேல் துபுவா என்ற பிரெஞ்சு உயிரியலாளர், அந்தக் கதிரைச் சிப்பிக்குள் செலுத்தினால் முத்துள்ளதையும் இல்லாததையும் பிரித்துவிடலாமே என்றார். முத்துள்ள சிப்பியை மட்டும் திறக்கலாம், மற்றதை உயிரோடு கடலில் விட்டுவிடலாம். சில வருடங்களில் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவந்து முயன்றும் பார்த்தார்கள். அது தொழிலாக நிலைக்கவில்லை. ஆனால் யோசனை சரியானது. ஒரு பொருளைச் சிதைக்காமல், அதன் வழியாக எதையோ அனுப்பி அல்லது அதிலிருந்து தானாக வருவதைப் பிடித்து, உள்ளே இருப்பதைக் கணக்கிடுவது. அணு எரிபொருளை அளப்பவர்கள் செய்வதும் இதைத்தான்.

அவர்கள் அளக்கும் பொருளின் நம்மூர் முகவரி கூடங்குளம். தூத்துக்குடியிலிருந்து கடற்கரையோரமாகவே தெற்கே போனால் மணப்பாடு, உவரி, இடிந்தகரை தாண்டி வரும். அந்த உலைகளுக்கான பெரிய பாகங்கள் ரஷ்யாவிலிருந்து கப்பலில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து மிதவையில் கூடங்குளம் போகின்றன. 2023 செப்டம்பரில் அப்படி இரண்டு நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றிப்போன மிதவை ஒன்று கூடங்குளத்துக்குப் பக்கத்தில் பாறையில் தட்டி நின்றதைப் பலரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பழைய மாலுமிகள் பயந்த அதே கரைதான்.

கூடங்குளம் உலை ஒவ்வொன்றிலும் 163 எரிபொருள் கட்டுகள் உண்டு. ஒரு கட்டு என்பது முந்நூற்றுச் சொச்சம் மெல்லிய உலோகக் கோல்களை அறுகோணமாகச் சேர்த்துக் கட்டியது. உயரம் சுமார் நாலரை மீட்டர், உள்ளே நானூறு கிலோவுக்கு மேல் யுரேனியம். சில வருடம் உலையில் எரிந்து வெளியே வரும்போது பார்க்க அப்படியேதான் இருக்கும். உள்ளே மட்டும் மாறியிருக்கும். யுரேனியத்தில் ஒரு சிறு பகுதி பிளந்து கதிர்வீசும் சாம்பலாகியிருக்கும், இன்னொரு சிறு பகுதி புளுட்டோனியமாகியிருக்கும். மொத்தத்தில் ஒரு சதவீதம் போல. அதாவது கட்டு ஒன்றுக்கு 4, 5 கிலோ.

சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கில் 8 கிலோ புளுட்டோனியம் என்பது 'குறிப்பிடத்தக்க அளவு'. ஒரு குண்டு செய்யும் சாத்தியத்தை ஒதுக்கிவிட முடியாத அளவு என்று பொருள். இரண்டு கட்டுகளிலேயே அது வந்துவிடுகிறது. ஒவ்வொரு கட்டிலும் என்ன இருக்கிறது என்று யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

*

அந்தக் கேள்வி இவ்வளவு கறாராக ஆனதில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. டிராம்பேயில் 1960-இல் இயங்கத் தொடங்கிய சைரஸ் உலை கனடா கொடுத்தது. அதற்கான கனநீர் அமெரிக்கா கொடுத்தது. அமைதிக்காகவே பயன்படுத்துவோம் என்று இந்தியா வாக்குக் கொடுத்தது. உள்ளே வந்து அளந்து பார்க்கும் உரிமை யாருக்கும் இல்லை. 1974-இல் பொக்ரானில் வெடித்த புளுட்டோனியம் அந்த உலையிலிருந்து வந்தது. அது 'அமைதிக்கான வெடிப்பு' என்றது இந்தியா. வாக்கை மட்டும் நம்பி உலை கொடுக்கும் காலம் அதோடு முடிந்தது. கனடா ஒத்துழைப்பை முறித்துக்கொண்டது.

தூத்துக்குடிக்கும் இதில் ஒரு வரி உண்டு. ஸ்பிக் உர ஆலையின் அம்மோனியா உற்பத்தியோடு இணைத்துக் கட்டப்பட்ட கனநீர் ஆலை இங்கே இயங்கத் தொடங்கியது 1978-இல். கனநீரின் வேலை, வேகமாகப் பாயும் நியூட்ரானை விழுங்காமல் மெதுவாக்குவது. சாதாரணத் தண்ணீரும் மெதுவாக்கும், ஆனால் கொஞ்சம் விழுங்கிவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும். வெளியிலிருந்து கனநீர் எளிதில் கிடைக்காத நாட்டில், நியூட்ரானை மெதுவாக்கும் பொருளை எங்கள் ஊர் செய்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போய்வந்த எங்களுக்கு அது ஸ்பிக் பக்கத்து ஆலை, அவ்வளவுதான்.

அளப்பதில் நம்பிக்கை வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு தாராப்பூர் நல்ல உதாரணம். 1963-இல் அமெரிக்காவோடு போட்ட ஒப்பந்தத்தில், எரிந்து முடிந்த எரிபொருளிலிருந்து புளுட்டோனியத்தைப் பிரிக்க ஒரு நிபந்தனை இருந்தது. பிரிக்கும் ஆலையில் கண்காணிப்பு பலன் தரும் என்று இரு நாடுகளும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். அந்தக் கூட்டுத் தீர்மானம் வரவே இல்லை. எரிபொருள் குளத்தில் கிடந்தது. 1993-இல் ஒப்பந்தமே காலாவதியானது, கட்டுகள் மட்டும் அங்கேயே இருந்தன. 'உன்னால் இதைச் சரியாக அளக்க முடியும் என்று நான் ஏற்கவில்லை' என்ற ஒரு வாக்கியம் முப்பது வருடத்தைத் தின்றது.

கூடங்குளத்துக்கான ஒப்பந்தத்தை ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988 நவம்பரில் செய்தார்கள். இந்த முறை முகமையின் கண்காணிப்பு முதலிலேயே சேர்ந்து வந்தது. எரிந்து முடிந்த எரிபொருளை சோவியத் ஒன்றியமே திருப்பி எடுத்துக்கொள்ளும் என்பது அப்போதைய ஏற்பாடு. சோவியத் உடைந்து, திட்டம் தூங்கி, 1998-இல் ரஷ்யாவோடு துணை ஒப்பந்தம் போட்டபோது அந்த ஏற்பாடு மாறியது. எரிபொருள் இந்தியாவிலேயே இருக்கும். இந்தக் கரையைப் பொறுத்தவரை அந்தப் பத்து வருடத்தில் மாறியவற்றுள் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். கப்பலேறிப் போகவேண்டியது கரையிலேயே தங்கியது.

*

சரி, குளத்துக்குள் நிற்கும் கட்டை எப்படி அளப்பது? பக்கத்தில் போக முடியாது. தண்ணீருக்கு வெளியே எடுத்தால் சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும் கதிர்வீச்சு. ஆய்வாளர்கள் முதலில் செய்வது தண்ணீருக்கு மேலிருந்து, கட்டைச் சுற்றித் தெரியும் நீல ஒளியைக் கருவி வழியாகப் பார்ப்பது. ஒளி இருந்தால் அங்கே இருப்பது வெறும் இரும்பு இல்லை என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது.

அடுத்தது காமாக் கதிர். இதில் ஒரு சிக்கல். யுரேனியம் ஈயத்தைவிட அடர்த்தியானது. நடுவில் இருக்கும் கோல்களின் காமாக் கதிரைச் சுற்றியிருக்கும் கோல்களே மறைத்துவிடும். வெளி வரிசைகள் மட்டும்தான் பேசும். கடைக்காரர் நல்ல தக்காளியை மேலே அடுக்கி வைப்பது மாதிரி, நடுவில் இருப்பதை உருவிவிட்டு வெளி வரிசையை விட்டுவைத்தால் காமாக் கருவிக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

நியூட்ரான் அப்படியில்லை. மின்னூட்டம் இல்லாத துகள், யுரேனியத்தை எளிதாகத் தாண்டி வரும். நடுக்கோலின் குரலும் வெளியே கேட்கும். முகமை நெடுங்காலமாகப் பயன்படுத்தும் 'ஃபோர்க்' கருவி இதைத்தான் நம்புகிறது. முள்கரண்டி போல இரண்டு கைகள், இடையில் கட்டு. தண்ணீருக்குள்ளேயே வைத்து எண்ணுவார்கள்.

ஆனால் எண்ணப்படும் நியூட்ரான்கள் புளுட்டோனியத்திலிருந்து வருவதில்லை. பெரும்பாலானவை கியூரியம்-244 என்ற வேறொரு தனிமத்திலிருந்து வருகின்றன. கட்டு ஒன்றில் கியூரியம் கொஞ்சூண்டுதான் இருக்கும், ஆனால் அதுதான் அதிகம் கத்தும். எரிபொருள் எவ்வளவு எரிந்தது என்பதைப் பொறுத்து அதன் அளவு மடமடவென்று ஏறும். எரிப்பு இரண்டு மடங்கானால் நியூட்ரான் பத்து மடங்குக்கும் மேல் கூடலாம். அதன் அரை ஆயுள் 18 வருடம் என்பதால் காலப்போக்கில் குரல் தேய்ந்தும் போகும். ஆக, ஃபோர்க் சொல்வது கியூரியத்தின் கதை. அதிலிருந்து எரிப்பின் அளவு, அதிலிருந்து புளுட்டோனியம் என்று கணக்கின் மேல் கணக்காகப் போக வேண்டும். நடுவில் உலையை நடத்துபவர் கொடுத்த ஏட்டையும் நம்ப வேண்டும்.

இதைத் தாண்ட இரண்டு வழிகள் யோசித்தார்கள். ஒன்று, கட்டின் சொந்த நியூட்ரான்களை வைத்தே அதைச் சோதிப்பது. நியூட்ரான் வெளியே வந்து, தண்ணீரில் ஹைட்ரஜன் அணுக்களோடு இருபது முறை போல மோதி மெதுவாகி, திரும்பக் கட்டுக்குள் போனால் அங்கே இருக்கும் பிளக்கக்கூடிய யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிளந்து புது நியூட்ரான்களைக் கிளப்பும். கட்டைச் சுற்றிக் காட்மியத் தகடு வைத்தால், மெதுவான நியூட்ரான்களை அது விழுங்கிவிடும், திரும்பிப் போக விடாது. தகடு இல்லாமல் ஒரு முறை, தகடோடு ஒரு முறை எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம், உள்ளே இன்னும் பிளக்க எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லும். கியூரியம் எவ்வளவு கத்தினாலும் விகிதத்தில் அது அடிபட்டுவிடும்.

இரண்டாவது வழி, தேங்காயைத் தட்டிப் பார்ப்பது. வெளியிலிருந்து ஒரு நியூட்ரான் துடிப்பைக் கட்டுக்குள் அனுப்பிவிட்டு, அதன் எதிரொலி எத்தனை மைக்ரோ விநாடிகளில் அடங்குகிறது என்று கேட்பது. பிளக்கும் பொருள் அதிகம் இருந்தால் ஒலி மெதுவாகத் தேயும்.

இரண்டையும் கேட்கும்போது 'அட' என்று இருக்கும். ஆனால் நிஜத்தில் வேலை செய்யுமா என்று எப்படிச் சோதிப்பது? ஏற்கெனவே விடை தெரிந்த கட்டு ஒன்று வேண்டும். விடை தெரிய வேண்டுமானால் அதைத் திறந்து, வெட்டி, கரைத்துப் பார்க்க வேண்டும். இங்கேதான் சிமுலேஷன் வருகிறது.

*

1946-இல் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் நோயிலிருந்து தேறிவந்த நாட்களில் தனியாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு என்று சூத்திரம் போட்டுப் பார்த்து அலுத்து, 'நூறு ஆட்டம் ஆடி எத்தனை ஜெயித்தேன் என்று எண்ணிவிட்டால் என்ன?' என்று யோசித்தார். உடனே அவருக்குத் தோன்றியது நியூட்ரான். ஒரு நியூட்ரான் எங்கே போகும், எதில் மோதும், விழுங்கப்படுமா, பிளக்குமா என்பதெல்லாம் சீட்டு விழுவது போலத்தான். நியூட்ரானையும் கம்ப்யூட்டருக்குள் ஆடவிட்டு எண்ணலாம். ஜான் வான் நாய்மன் அதைத் திட்டமாக எழுதினார், கிளாரா வான் நாய்மன் நிரலாக்கினார், 1948-இல் எனியாக் கணினியில் ஓடியது. மாண்டி கார்லோ என்று சூதாட்ட ஊரின் பெயரையே வைத்தார்கள். அணுகுண்டு ஆய்வகமான லாஸ் அலமாஸில் பிறந்த இந்த முறை, அணுகுண்டு பரவாமல் காவல் பார்க்கும் கருவிகளை வடிவமைக்கவும் அங்கேயே பயன்பட்டது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வார இறுதியில் நானே இருநூறு வரிக்கு ஒரு நிரல் எழுதினேன். ஒரு தொட்டித் தண்ணீர், நடுவில் ஒரு எரிபொருள் உருளை, ஓரத்தில் ஒரு கருவி. நியூட்ரான் பிறக்கும், ரேண்டமாக ஒரு திசையில் கிளம்பும், மோதும், சாகும். கருவியை எட்டியவை 100 என்றால் விடையில் சுமார் 10 சதவீதம் ஆட்டம் இருக்கும். 10,000 எட்டினால் 1 சதவீதம். ஆட்டத்தைப் பாதியாக்க நாலு மடங்கு ஓட்ட வேண்டும்.

திரையில் எண்கள் மெல்ல அடங்குவதைப் பார்த்தபோது, இது தாத்தா சொன்ன மாதிரிச் சிப்பிதான் என்று பட்டது. ஆயிரம் சிப்பி திறந்தால் ஒரு தோராயம், நாலாயிரம் திறந்தால் அதில் பாதி பிழை. ஒரு வித்தியாசம் மட்டும். முத்தின் விலையை நிர்ணயிப்பது அபூர்வமான பெரிய முத்து. மாதிரியில் அது ஒன்று மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் கணக்கு எங்கேயோ போய்விடும். மாண்டி கார்லோ ஆட்களுக்கும் இதே தலைவலி உண்டு. கனத்த சுவரைத் தாண்டி வரும் அந்த ஒரே ஒரு நியூட்ரானுக்காகக் கோடிக்கணக்கில் ஆடவிட வேண்டும்.

2009-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு திட்டம் இதைப் பெரிய அளவில் செய்தது. பதினான்கு அளவீட்டு முறைகளை எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டருக்குள் 64 எரிபொருள் கட்டுகளை உருவாக்கினார்கள். யுரேனியச் செறிவில் நாலு வகை, எரிப்பில் நாலு வகை, குளிர்ந்த காலத்தில் நாலு வகை, 1 வருடத்திலிருந்து 80 வருடம் வரை. நாலும் நாலும் நாலும் பெருக்கினால் 64. பதினான்கு கருவிகளையும் இந்த 64 கட்டுகளின் மேல் ஓட்டிப் பார்த்து, தேறியவற்றை மட்டும் நிஜத்தில் செய்யப் போனார்கள். ஸ்வீடனில் ஆஸ்கர்ஸ்ஹாம்ன் அருகே உள்ள கிளாப் சேமிப்பிடத்தில் நிஜக் கட்டுகள் ஐம்பதைத் தேர்ந்தெடுத்து அளவீடுகளும் நடந்தன.

சிமுலேஷனுக்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பிடித்தது. இந்தக் கருவிகளின் வேலை திருட்டைக் கண்டுபிடிப்பது. முந்நூறு கோலில் முப்பதை உருவிவிட்டுப் போலிக் கோல் சொருகியிருந்தால் கருவிக்குத் தெரியுமா? நிஜக் கட்டில் இதைச் செய்து பார்க்க யாரும் அனுமதிக்க மாட்டார்கள். கம்ப்யூட்டருக்குள் எந்தக் கோலை வேண்டுமானாலும், எத்தனை விதத்தில் வேண்டுமானாலும் திருடிப் பார்க்கலாம். காவல்காரனே ராத்திரி முழுக்கத் திருடிப் பழகுவது மாதிரி.

ஆனால் என் நிரலில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. உருளைக்குள் என்ன இருக்கிறது என்று நான்தான் எழுதினேன். அதற்கேற்ற விடையைத்தான் அது கொடுத்தது. பெரிய சிமுலேஷன்களும் ஒரு கட்டம் வரை இப்படித்தான். எரிபொருளின் தொடக்கச் செறிவு, எத்தனை நாள் எரிந்தது, எப்போது வெளியே வந்தது, குளத்து நீரில் போரான் எவ்வளவு, எல்லாம் யாரோ கொடுக்க வேண்டிய தகவல்கள். போரான் நியூட்ரானை விழுங்கும். அந்த ஒரு எண் பிசகினால் எண்ணிக்கை முழுவதும் பிசகும். சரிபார்க்க வேண்டியவரின் ஏட்டையே கொஞ்சம் நம்பித்தான் சரிபார்க்கத் தொடங்க முடியும்.

*

நல்ல மாதிரியும் நல்ல அறிவியலும் இருந்தும் கணக்கு கவிழ்ந்த கதை இந்தக் கடலிலேயே இருக்கிறது. 1902-இல் ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை இலங்கை அரசு முத்துப் பார்களை ஆராய வரவழைத்தது. அவரோடு வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். ராயல் சொசைட்டி ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட அளவுக்கு விரிவான ஆய்வு. 1903-இலிருந்து தொடர்ந்து நல்ல பிடிப்பு, 1905-இல் மட்டும் சுமார் 8 கோடி சிப்பி. அந்தக் கணக்கை நம்பி 1906-இல் லண்டனில் ஒரு கம்பெனி உருவாகி, வருடத்துக்கு 3,10,000 ரூபாய் என்று இருபது வருடத்துக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு பார்களில் குளிக்கச் சிப்பி இல்லை. சில வருடங்களில் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். ஹார்னெல் பிறகு சென்னை மாகாணத்தின் முத்து, சங்குத் தொழிலைக் கவனிக்க வந்து, இந்தியப் பக்கத்துப் பார்களைப் பற்றி 1922-இல் ஒரு நூலே எழுதினார்.

யாரும் பொய் சொல்லவில்லை. எண்ணியது சரியாகத்தான் எண்ணப்பட்டது. ஆனால் மாதிரி, எடுத்த நாளின் கடலை மட்டும்தான் சொல்லும். இருபது வருடத்துக்கு அது பேசாது. அதைத் தெரிந்துகொள்ளாத முதலாளிகள் பணத்தை இழந்தார்கள்.

எரிபொருளை மண்ணுக்கடியில் நிரந்தரமாகப் புதைக்கப்போகும் பின்லாந்து இதனால்தான் கடைசி அளவீட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. செப்புக் கலனில் அடைத்து நானூறு மீட்டர் ஆழத்தில் வைத்துவிட்டால் பிறகு எடுத்துப் பார்க்க முடியாது. காட்மியத் தகடு வைக்கும் அந்த முறையில் கருவி செய்து ஒல்கிலுவோட்டோவில் நிஜக் கட்டுகளில் சோதித்திருக்கிறார்கள். கருவிக்கு முன்பே அங்கே நடந்த ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த நாட்டுச் சட்டப்படி, உள்ளூர் மன்றம் வேண்டாம் என்றால் திட்டம் கிடையாது. 2000-இல் யூராயோக்கி என்ற சிறு ஊராட்சி வாக்கெடுத்து ஒப்புக்கொண்டது. ஸ்வீடனிலும் இந்த உரிமை உண்டு. 2020-இல் ஆஸ்தாமர் மன்றம் வாக்கெடுத்துச் சம்மதித்தது.

கூடங்குளத்தில் வரிசை வேறு. 2012 செப்டம்பர் 10 அன்று, இடிந்தகரையில் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, முத்துக்குளித்துறையின் பழைய ஊரான மணப்பாட்டில் ஒரு மீனவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி தந்து, பதினைந்து நிபந்தனைகள் போட்டது. எரிந்து முடிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கத் தனிச் சேமிப்பிடம் ஐந்து வருடத்துக்குள் வேண்டும் என்பதும் அதில் வரும். 2018-இல் அந்தக் கெடு 2022 ஏப்ரல் வரை நீட்டிக்கப்பட்டது. சேமிப்பிடம் பற்றி 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது.

கூடங்குளம் முகமையின் கண்காணிப்புக்கு உள்ளே இருக்கிறது. அதே தமிழ்நாட்டுக் கரையில் கல்பாக்கம் வெளியே இருக்கிறது, 2006-இல் இந்தியா போட்ட பிரிவினைத் திட்டத்தின்படி. உள்ளே இருக்கும் இடத்தில்கூட, அளக்கும் நியூட்ரான் வியன்னாவுக்குத்தான் பதில் சொல்கிறது. 'புளுட்டோனியம் எங்கும் போகவில்லையே?' என்பது வியன்னாவின் கேள்வி. இடிந்தகரைக்காரருக்கு இருப்பது வேறு கேள்வி: 'இது இங்கேயே இருக்கப்போகிறதா, எத்தனை காலம்?' முதல் கேள்விக்கு 64 கட்டுகளும் பதினான்கு கருவிகளும் உண்டாகிவிட்டன. இரண்டாவதற்கு ஒரு கூட்டம் கூட்டி, தள்ளிவைத்தார்கள்.

எனக்கு இந்தக் கருவிகள் மேல் மரியாதைதான். தண்ணீருக்குள் நிற்கும் கட்டிலிருந்து கசியும் துகளைப் பிடித்து, நடுக்கோலில் என்ன நடக்கிறது என்று சொல்வது லேசான காரியமில்லை. ஆனால் தாத்தாவிடம் நான் கடைசியாகக் கேட்ட கேள்வியும் அவர் பதிலும் இவற்றைப் படிக்கும்போதெல்லாம் வந்து நிற்கின்றன.

"அவன் எண்ணிச் சொன்னத எப்படி தாத்தா நம்புனாங்க? வெள்ளக்காரன் கொறச்சுச் சொன்னா?"

"நாங்கதான் சுத்தி நின்னோம்லா," என்றார்.